பீர் ஆலை முதலாளியின் மகன், உலகத்துக்கே ஹீட்டர் கணக்கு போட்டுக் கொடுத்த கதை: யார் இந்த ஜேம்ஸ் ஜூல்?

பிளாஸ்டிக் மோல்டிங் மெஷின், சாயத் தொட்டி, பேக்கரி அவன், பேக்கிங் மெஷின், ஆய்வகத்து உலை. இவை எல்லாவற்றுக்குள்ளும் பொதுவாக இருக்கும் ஒரு பொருள், மின்சார ஹீட்டர். சின்ன சமாச்சாரம்தான். ஆனால் தப்பான ஹீட்டரை மாட்டிவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். மெஷின் எவ்வளவு நேரம் ஓடினாலும் சூடேறாது, அல்லது சில நாட்களிலேயே காயில் கருகி உற்பத்தி நின்றுபோகும்.

சரியான ஹீட்டரைத் தேர்ந்தெடுக்க இன்றைக்கும் பொறியாளர்கள் போடும் கணக்கின் முதல் வரியை எழுதியவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். அதை எழுதியபோது அவருக்கு 22 வயதுகூட நிறைவடையவில்லை. கையில் பட்டம் இல்லை, பல்கலைக்கழக வேலை இல்லை. அப்பாவின் பீர் ஆலையைக் கவனித்துக்கொண்டிருந்த இளைஞர், அவ்வளவுதான்.

பீர் ஆலை வீட்டுப் பிள்ளை

1818-ம் ஆண்டு டிசம்பர் 24 அன்று, இங்கிலாந்தின் மான்செஸ்டரை ஒட்டியுள்ள சால்ஃபோர்டில் ஜூல் பிறந்தார். அப்பா பெஞ்சமின் வசதியான பீர் ஆலை உரிமையாளர். சிறு வயதில் ஜூலுக்கு முதுகெலும்பில் பிரச்சினை இருந்தது. கூச்ச சுபாவம் வேறு. படிப்பெல்லாம் வீட்டிலேயே நடந்தது.

1834-ல் அவரையும் அவருடைய அண்ணனையும் ஜான் டால்டனிடம் பாடம் கற்க அனுப்பினார் அப்பா. அணுக் கொள்கையை முன்வைத்த அதே டால்டன்தான். அவர் எடுத்த எடுப்பிலேயே அணுவைப் பற்றிப் பேசிவிடவில்லை. முதலில் கணக்கும் வடிவியலும்தான் சொல்லிக்கொடுத்தார். 1837-ல் டால்டன் பக்கவாதத்தால் படுத்துவிட, பாடம் நின்றுபோனது. ஆனால் எதையும் அளந்து, எண்ணில் எழுதிப் பார்க்கும் பழக்கம் ஜூலிடம் தங்கிவிட்டது.

இன்னொரு பள்ளிக்கூடம், ஆலையேதான். பீர் தயாரிப்பில் வெப்பநிலை கொஞ்சம் தவறினாலும் மொத்தச் சரக்கும் வீண். தெர்மாமீட்டரைக் கவனமாகப் பார்ப்பது அந்தக் குடும்பத்துக்கு அன்றாட வேலை. பின்னாளில் மற்ற விஞ்ஞானிகள் நம்ப மறுத்த அளவுக்கு நுணுக்கமாக ஜூல் வெப்பநிலையை அளந்ததற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம்.

எல்லாம் ஒரு செலவுக் கணக்கில் தொடங்கியது

1830-களில் மின்சார மோட்டார் ஒரு புது மோகம். நிலக்கரியைக் கொட்டி ஓட்டும் நீராவி எந்திரத்துக்குப் பதிலாக, பேட்டரியில் ஓடும் மோட்டாரை ஆலையில் வைக்கலாமா? இளைஞர் ஜூலுக்கு வந்த கேள்வி இதுதான். 1838-லிருந்து, மின்காந்தத்தை உருவாக்கிய வில்லியம் ஸ்டர்ஜன் நடத்திய இதழில், தன் மோட்டார்களைப் பற்றி எழுத ஆரம்பித்தார்.

அன்றைய பேட்டரிகள் துத்தநாகத்தை 'எரித்து' மின்சாரம் தந்தன. ஒரு பவுண்டு துத்தநாகம் எவ்வளவு வேலை செய்கிறது, ஒரு பவுண்டு நிலக்கரி எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒப்பிட்டார். அன்றைய நல்ல நீராவி எந்திரத்தில் நிலக்கரி சுமார் ஐந்து மடங்கு அதிக வேலை செய்தது. விலையிலோ துத்தநாகம் பல மடங்கு அதிகம். மோட்டார் கனவு அங்கேயே முடிந்தது.

ஆனால் வேறொரு விஷயம் அவரைக் குடைந்தது. மோட்டாரின் கம்பிச் சுருள்கள் சூடாகின்றன. பேட்டரி தந்த சக்தியில் ஒரு பகுதி வெப்பமாகப் போகிறது. அது எவ்வளவு?

1840: தண்ணீருக்குள் ஒரு கம்பி

மெல்லிய கண்ணாடிக் குழாயின் மேல் உலோகக் கம்பியைச் சுற்றினார். அதைத் தண்ணீர் இருந்த ஜாடிக்குள் இறக்கி, மின்சாரத்தைப் பாய்ச்சினார். தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று தெர்மாமீட்டரில் பார்த்தார். வெவ்வேறு கம்பிகள், வெவ்வேறு மின்னோட்டங்கள் என்று மாற்றி மாற்றிச் செய்தார். இன்று பாத்ரூம் வாளியில் போடும் இம்மெர்ஷன் ஹீட்டரின் அமைப்பும் இதேதான்: தண்ணீருக்குள் ஒரு சுருள். ஜூல் அதைக் குளிப்பதற்காக அல்ல, அளப்பதற்காகச் செய்தார்.

கிடைத்த விடை எளிமையானது. கம்பியில் உண்டாகும் வெப்பம், அதன் மின்தடையைப் பொறுத்து நேர்விகிதத்தில் கூடுகிறது. மின்னோட்டத்தைப் பொறுத்தோ, அதன் வர்க்கத்தின் விகிதத்தில் கூடுகிறது. அதாவது மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

1840 டிசம்பரில் இதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். அவர்கள் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டார்கள். முழுக் கட்டுரை அடுத்த ஆண்டு வேறொரு இதழில் வந்தது. ரஷ்யாவில் ஹெய்ன்ரிக் லென்ஸும் தனியாக இதே முடிவுக்கு வந்தார். அதனால் சில நாடுகளில் இன்றும் இது ஜூல்-லென்ஸ் விதி.

அந்த 'வர்க்கம்' தொழிற்சாலையில் என்ன செய்யும்?

பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகும் இந்த விதி, ஷாப் ஃப்ளோரில் ஹீட்டர்களைக் கொல்லும் விதி.

230 வோல்ட்டுக்குச் செய்த 2,000 வாட் ஹீட்டர் ஒன்று இருக்கிறது. அதற்கு 115 வோல்ட் மட்டும் கொடுத்தால் எவ்வளவு வெப்பம் வரும்? பாதி வோல்ட் என்பதால் 1,000 வாட் என்றுதான் பலரும் நினைப்பார்கள். வருவது 500 வாட்தான். வோல்டேஜ் பாதியானால் மின்னோட்டமும் பாதியாகிறது. அதன் வர்க்கம் கால் பங்கு. இதே கணக்கில், வோல்டேஜ் வெறும் 10 சதவீதம் குறைந்தாலே ஹீட்டரின் சக்தி சுமார் 19 சதவீதம் குறைந்துவிடும். மின்னழுத்தம் குறையும் நேரத்தில் மெஷின் சூடேற அடம்பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

எதிர்த் திசையில் போனால் ஆபத்து. மூன்று ஃபேஸ் இணைப்பில், 230 வோல்ட் ஹீட்டர்கள் மூன்றை 'ஸ்டார்' முறையில் இணைக்க வேண்டும். கவனிக்காமல் 'டெல்டா' முறையில் இணைத்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 400 வோல்ட் போகும். 400-ஐ 230-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் சுமார் 3. மூன்று மடங்கு சக்தியைக் காயில் தாங்காது.

அறுந்துபோன காயில் அடுப்பை நினைவிருக்கிறதா? அறுந்த இடத்தை முறுக்கிச் சேர்த்து மறுபடி மாட்டினால், முன்பைவிட 'நல்லா' எரியும். பிறகு சீக்கிரமே மறுபடி அறுந்துவிடும். கம்பி குட்டையானதால் மின்தடை குறைகிறது, மின்னோட்டம் கூடுகிறது, கம்பி அளவுக்கு மீறிச் சூடாகிறது. இதுவும் ஜூல் விதிதான்.

யாரும் காது கொடுக்காத ஆண்டுகள்

கம்பி சூடாகிறது, சரி. அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது? அன்றைய விஞ்ஞானிகளில் பலர், வெப்பம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம் என்று நம்பினார்கள். 'கலோரிக்' என்று அதற்குப் பெயர். அது ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் பாயலாம். புதிதாக உண்டாகாது, அழியவும் செய்யாது.

ஜூல் இதைச் சோதித்தார். ஒரு மின்காந்தச் சுருளைத் தண்ணீர் நிரம்பிய குழாய்க்குள் வைத்து, வலுவான காந்தங்களுக்கு நடுவே சுழற்றினார். சுழற்றுவதால் சுருளில் மின்சாரம் பிறந்தது, தண்ணீர் சூடானது. வெளியிலிருந்து எந்தத் திரவமும் உள்ளே வரவில்லை. உள்ளே போனது சுழற்றிய வேலை மட்டும்தான். அப்படியானால் வேலைதான் வெப்பமாக மாறியிருக்கிறது.

1843 ஆகஸ்டில், அயர்லாந்தின் கார்க் நகரில் நடந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் இதைச் சொன்னார். அரங்கத்தில் சலனமே இல்லை. ஜெர்மனியில் ஜூலியஸ் ராபர்ட் மேயர் என்ற மருத்துவர், 1842-லேயே வேறொரு வழியில் இதே கருத்தைத் தொட்டிருந்தார். யார் முதலில் என்ற சண்டை பின்னாளில் வந்தது. ஆனால் அந்த நேரத்தில் இருவரையுமே யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஜூல் விடவில்லை. மூடிய பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் சுழலும் துடுப்புகள், துடுப்புகளைச் சுழற்ற கயிற்றில் தொங்கும் எடைகள். எடை கீழே இறங்க இறங்கத் துடுப்பு சுழன்று தண்ணீரைக் கலக்கும். தண்ணீர் மிகச் சிறிய அளவில் சூடாகும். 20 முறை எடையை இறக்கிய பிறகும் ஏற்றம் அரை டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டித்தான் இருந்தது. அதை அளக்க, மான்செஸ்டரின் கருவித் தயாரிப்பாளர் ஜான் பெஞ்சமின் டான்சரோடு சேர்ந்து மிக நுணுக்கமான தெர்மாமீட்டர்களை உருவாக்கினார். டிகிரியில் 200-ல் ஒரு பங்கைக்கூடப் படிக்க முடியும் என்றார். பலருக்கு நம்பிக்கை வரவில்லை.

திருப்பம் 1847-ல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்தில் நேரமில்லை, சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது. சுருக்கமாகச் சொன்னார். வழக்கம்போல அதுவும் காற்றோடு போயிருக்கும். ஆனால் கூட்டத்தில் வில்லியம் தாம்சன் என்ற இளம் பேராசிரியர் இருந்தார். பின்னாளில் லார்ட் கெல்வின் ஆனவர். ஜூல் சொன்னதை அவரால் உடனே ஏற்கவும் முடியவில்லை, ஒதுக்கவும் முடியவில்லை. அவர் காட்டிய ஆர்வத்தால் மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஜூல், அமீலியா கிரைம்ஸைத் திருமணம் செய்துகொண்டார். தேனிலவுக்கு ஆல்ப்ஸ் மலைப் பகுதிக்குப் போன இடத்தில் தாம்சன் தற்செயலாக அவரைப் பார்த்தார். கையில் நீளமான தெர்மாமீட்டரோடு ஜூல் நடந்து வந்தார் என்று தாம்சன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அருவியின் உச்சியைவிட அடிவாரத்தில் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். கதையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆளின் குணம் அதில் சரியாகவே தெரிகிறது.

772: விலைப்பட்டியல் மாதிரி ஓர் எண்

1850-ல் தன் அளவீடுகளை முழுமையாக வெளியிட்டார். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க, 772 பவுண்டு எடையை ஓர் அடி இறக்கும் வேலை தேவை. இன்றைய மதிப்பு சுமார் 778. ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். அதே ஆண்டு ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

இந்த எண் ஏன் முக்கியம்? வெப்பத்துக்கு ஒரு 'விலை' இருக்கிறது, அதை முன்கூட்டியே கணக்கிடலாம் என்று இது காட்டியது. அதுவரை ஊகமாக இருந்தது, இதன் பிறகு கணக்கானது.

ஓர் உதாரணம். தொழிற்சாலையில் 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. 30 டிகிரி செல்சியஸிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு லிட்டரை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 4,186 ஜூல் தேவை. 200 × 50 × 4,186 என்றால், கிட்டத்தட்ட 4 கோடியே 19 லட்சம் ஜூல். மின்கட்டண பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, சுமார் 11.6 யூனிட்.

அடுத்த கேள்வி, எவ்வளவு நேரத்தில்? ஒரு மணி நேரத்தில் சூடாக வேண்டும் என்றால் 11.6 கிலோவாட் ஹீட்டர். அரை மணி நேரத்தில் என்றால் 23 கிலோவாட்டுக்கும் மேல். நான்கு மணி நேரம் காத்திருக்க முடியும் என்றால் 3 கிலோவாட்டே கிட்டத்தட்டப் போதும். தொட்டிச் சுவர், திறந்த மேற்பரப்பு வழியாக வீணாகும் வெப்பத்தை இதன் மேல் சேர்க்க வேண்டும். பக்கத்து யூனிட்டில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து ஹீட்டர் வாங்குவதற்கும், இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாங்குவதற்கும் நடுவே இருப்பதுதான் ஜூலின் வாழ்நாள் உழைப்பு.

அளவுகோலே தப்பாக இருந்தபோது

1854-ல் அமீலியா இறந்துபோனார். இரண்டு சிறு பிள்ளைகள். மூன்றாவது குழந்தை பிறந்து அதிக நாள் வாழவில்லை. அந்தக் காலகட்டத்திலேயே குடும்பத்தின் பீர் ஆலையும் விற்கப்பட்டது. ஜூல் இன்னும் ஒதுங்கிப்போனார். ஆய்வை மட்டும் விடவில்லை. தாம்சனோடு சேர்ந்து, நெருக்கிய வாயு விரியும்போது குளிர்வதைப் பற்றி ஆராய்ந்தார். பின்னாளில் காற்றைத் திரவமாக்கும் தொழிலுக்கு அடிப்படையானது இந்த ஜூல்-தாம்சன் விளைவுதான்.

1860-களில் ஒரு சிக்கல் முளைத்தது. மின்தடைக்கு ஒரு பொது அளவு வேண்டும் என்று பிரிட்டிஷ் அசோசியேஷன் குழு ஒன்று, ஓம் என்ற அலகுக்குத் திட்டக் கம்பிகளைத் தயாரித்திருந்தது. அந்தக் கம்பியை வைத்து, மின்சாரத்தால் தண்ணீரைச் சூடாக்கி அதே எண்ணை மறுபடி கண்டுபிடிக்கும்படி ஜூலிடம் கேட்டார்கள். 1867-ல் விடை வந்தது. 772 வரவில்லை. அதைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் அதிகம்.

யார் தப்பு? துடுப்புச் சோதனையா, மின்சாரச் சோதனையா? இளமையில் செய்த வேலையே தவறாக இருக்கலாம் என்ற நிலை. ஜூல் வாதாடவில்லை. தண்ணீரைக் கலக்கும் சோதனையை முதலிலிருந்து மறுபடி செய்தார். 1878-ல் வெளியிட்ட விடை 772.55. பழைய எண் அப்படியே நின்றது. பிறகு கேம்பிரிட்ஜில் ரேலி போன்றவர்கள் அளந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது: அந்தத் திட்டக் கம்பிகளின் மின்தடை, இருக்க வேண்டியதைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் குறைவு. உலகத்துக்கே அளவுகோலாக வைத்ததில் இருந்த பிழை, ஒரு மனிதர் தண்ணீரைச் சூடாக்கிப் பார்த்ததில் வெளிப்பட்டுவிட்டது.

கடைசி ஆண்டுகளில் உடல்நலமும் கையிருப்பும் குறைந்தன. 1878-ல் அரசு அவருக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு ஓய்வூதியம் வழங்கியது. 1889 ஆகஸ்டில், பாரிஸில் நடந்த மின்னியல் மாநாடு ஆற்றலின் அலகுக்கு அவர் பெயரை வைத்தது. அக்டோபர் 11 அன்று, மான்செஸ்டரை அடுத்த சேல் நகரில், 70 வயதில் இறந்தார். கல்லறைக் கல்லில் 772.55 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. மான்செஸ்டர் நகர மன்ற நுழைவாயிலில் அவர் சிலையும், ஆசிரியர் டால்டனின் சிலையும் எதிரெதிரே இருக்கின்றன.

ஜூலுக்குத் தெரியாத பாதி

கணக்கு 1840-களிலேயே தயார். ஆனால் மின்சார ஹீட்டர்கள் பரவலாக வந்தது 20-ம் நூற்றாண்டில்தான். காரணம், கம்பி. இரும்பும் செம்பும் சிவக்கச் சூடானால் காற்றில் ஆக்சிஜனோடு சேர்ந்து அரிக்கும். பிளாட்டினம் தாங்கும், விலை கட்டுப்படியாகாது. அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ், நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகத்துக்கு 1906-ல் காப்புரிமை பெற்றார். அதுதான் நிக்ரோம். சூடானதும் அதன் மேல் குரோமியம் ஆக்சைடு படலம் ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். நிக்ரோம் கம்பி சுமார் 1,200 டிகிரி வரை தாங்கும். அதற்கு மேலே இரும்பு-குரோமியம்-அலுமினியம் கலவை, இன்னும் மேலே சிலிக்கன் கார்பைடு என்று உலைக்கு ஏற்ப மாற வேண்டும்.

இன்னொரு விஷயம், வெப்பம் வெளியேறும் பரப்பு. ஒரே 2 கிலோவாட் சக்தியைச் சின்னக் குழாயிலும் அடக்கலாம், நீளமான குழாயிலும் பரப்பலாம். சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை வாட் என்பதை 'வாட் டென்சிட்டி' என்கிறார்கள். தண்ணீர் வெப்பத்தைச் சட்டென்று அள்ளிக்கொண்டு போகும். 7, 8 வாட் வைத்தாலும் தாங்கும். கெட்டியான எண்ணெய் அப்படி இல்லை. ஒரு வாட்டை ஒட்டித்தான் வைக்க முடியும். கூடினால் குழாய் மேலேயே எண்ணெய் கருகிப் படியும். இதில் ஒரு விசித்திரம்: எண்ணெயைச் சூடாக்கத் தண்ணீருக்கு ஆவதில் பாதி ஆற்றல்தான் ஆகும். ஆனால் ஹீட்டரின் பரப்போ பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் குழாய் மேல் படியும் வெள்ளைப் படிவும் இதே வேலையைத்தான் செய்கிறது. வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளே கம்பி வெந்துபோகிறது.

ஆர்டர் கொடுக்கும் முன்

ஆக, ஒரு ஹீட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை இவை:

எதை, எத்தனை கிலோ, எத்தனை டிகிரி சூடாக்க வேண்டும்? இதுதான் ஆற்றல் கணக்கு.

எவ்வளவு நேரத்தில்? இதுதான் கிலோவாட்.

மெஷினில் உண்மையில் வரும் வோல்டேஜ் என்ன, ஸ்டாரா டெல்டாவா? இங்கேதான் வர்க்க விதி விளையாடும்.

அந்த வெப்பம் எவ்வளவு பரப்பு வழியாக, எந்தப் பொருளுக்குப் போகிறது? வாட் டென்சிட்டி இங்கே முடிவாகும்.

எந்த வெப்பநிலை, எந்தத் திரவம்? கம்பியும், அதை மூடும் குழாயின் உலோகமும் இதைப் பொறுத்தவை. எலக்ட்ரோபிளேட்டிங் அமிலத்தில் சாதாரண ஸ்டீல் குழாய் நிற்காது.

முதல் மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லும் கணக்கு, நீராவி எந்திரத்தை மாற்றினால் லாபமா நஷ்டமா என்று பார்க்க உட்கார்ந்த ஓர் இளைஞரிடமிருந்து வந்தது. ஹீட்டரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் அவர் பெயர் இருக்காது, வாட் என்றுதான் போட்டிருக்கும். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல்.